கேதுரு மரம் சுமந்த சேதி

தந்தையின் தமையனார் நமக்குப் பெரியப்பா, தம்பியார் சித்தப்பா. தாயின் தமக்கையார் பெரியம்மா, தங்கையார் சின்னம்மா. அவர்தம் மக்கள் நமக்கு அண்ணன் தம்பியர், அக்காள் தங்கையர். இதனை நாம் எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை; பேசத் தொடங்கிய நாளிலேயே கற்றோம். ஆங்கிலம் பயின்ற பின்னரே, இத்தனை பேரையும் 'அங்கிள்', 'ஆண்ட்டி' என்னும் இரண்டே சொற்களுக்குள் அடக்கிவிடும் மக்களும் உலகில் உண்டு என அறிந்து வியக்கின்றோம்.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்னும் அமெரிக்க அறிஞருக்கு இவ்வியப்பு எதிர்த்திசையிலிருந்து வந்தது. தம் நாட்டுப் பழங்குடியினர் தாயின் உடன்பிறந்தாளையும் தாய் என்றே அழைப்பதைக் கண்ட அவர், உலகெங்கும் வினாத்தாள்களை அனுப்பி உறவுமுறைப் பெயர்களைத் திரட்டினார். 1871 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பெருநூலில் தமிழ் உறவுப்பெயர்களும் உள்ளன. அவற்றை எழுதி அனுப்பியவர் வேலூர்ப் பகுதியில் பணியாற்றிய எசக்கியேல் ஸ்கட்டர் என்னும் அமெரிக்க மிஷனரி. அதே நூலின் மற்றோர் அட்டவணையில், மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த அரிக்காரா மக்களின் உறவுப்பெயர்களும் காணப்படுகின்றன. இவ்வொற்றுமைகளைக் கொண்டு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து சென்றவரே என மார்கன் முடிவு கட்டினார். உறவுப்பெயர்கள் அத்துணைப் பெரிய பாரத்தைத் தாங்கமாட்டா என்று பின்வந்த அறிஞர்கள் கூறினர். நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஆயினும் ஒரே நூலுக்குள் நம்மோடு இடம்பெற்ற அம்மக்கள் யார், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிந்துகொள்வது நன்றன்றோ?

அரிக்காரா என்பது பிறர் இட்ட பெயர். 'கொம்பு' என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அது வந்தது என்றும், முற்காலத்தில் அவர்கள் தலைமுடியில் இரண்டு எலும்புத் துண்டுகளைக் கொம்புபோல் நிறுத்தி அணிந்ததே அதற்குக் காரணம் என்றும் கூறுவர். அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் பெயர் சாஹ்னிஷ்; 'மக்கள்' என்பதே அதன் பொருள். தெற்கே நெப்ராஸ்கா சமவெளியில் வாழ்ந்த பாணி மக்கள் அவர்களுக்கு மொழியால் மிக நெருங்கியவர்கள். அவர்களிடமிருந்து பிரிந்து, இன்றைய தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா மாநிலங்களின் வழியே பாயும் மிசூரியைப் பற்றிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்தவர்களே அரிக்காரா மக்கள்.

செவ்விந்தியர் என்றவுடன் குதிரைமீது பாய்ந்துவரும் வீரனும் தோல் கூடாரமும் நம் கண்முன் தோன்றுமாறு திரைப்படங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. அரிக்காரா மக்களோ உழவர்கள்; நிலையான ஊர்களில் வாழ்ந்தவர்கள். அவர்களது இல்லம் வட்டமான மண்வீடு. நடுவே நான்கு பெருந்தூண்கள், சுற்றிலும் குறுந்தூண்கள், மேலே மரச்சட்டங்களும் வில்லோ மிலாறுகளும் புல்லும் பரப்பி, அதன்மீது மண்ணை அணைத்து மூடுவர். உச்சியில் புகைபோக ஒரு துளை. தொலைவிலிருந்து பார்ப்போர்க்குப் பசும்புல் முளைத்த மேடுகளின் கூட்டமே ஊராகத் தோன்றுமாம். அந்நான்கு தூண்களும் வெறும் முட்டுக்கால்கள் அல்ல. சூரிய உதயம், இடி, காற்று, இரவு என்னும் நான்கு ஆற்றல்களைக் குறித்து நிற்பவை. வீட்டுக்குள் அமர்ந்திருப்பவன் உலகின் நடுவே அமர்ந்திருக்கிறான் என்பது கருத்து.

அவ்வீடு பெண்ணுக்குரியது. விளைநிலமும் அவளுக்கே உரியது. திருமணமான ஆண்மகன் மனைவியின் இல்லத்துக்கு வந்து வாழ்வதே வழக்கமாதலின், ஒரே கூரையின்கீழ்த் தாயும் அவள் பெண்மக்களும் அவர்தம் கணவரும் குழந்தைகளுமாகப் பல குடும்பங்கள் கூடி வாழ்ந்தன. அங்கே பிறந்த குழந்தைக்குப் பெற்றவள் ஒருத்தி. 'அம்மா' என்றழைக்கத்தக்கவர் பலர். பெற்றவள் நோயுற்றாலும் இறந்தாலும் அச்சொல்லுக்குரியவள் இல்லாமல் போவதில்லை. தந்தையின் உடன்பிறந்தாரும் தந்தையரே. இதுவரை அவர்கள் வழக்கம் நம் வழக்கத்தோடு ஒத்துச் செல்கிறது. அத்தை மகளையும் மாமன் மகனையும் மணக்கத்தக்க முறையினராக நாம் கொள்வதைக் கேட்டால் மட்டும் அவர்கள் திடுக்கிட்டிருப்பர்.

ஆற்றோரத் தாழ்நிலத்தின் வண்டல் மண்ணில் பெண்கள் மக்காச்சோளம், அவரை, பூசணி, சூரியகாந்தி ஆகியவற்றைப் பயிரிட்டனர். காட்டெருமையின் தோள்பட்டை எலும்பே அவர்களது மண்வெட்டி. வடக்கே கோடைக்காலம் குறுகியது. உறைபனி சொல்லாமல் வந்துவிடும். ஆகவே ஆளுயரம்கூட வளராமல், விரைவில் கதிர் முற்றும் குட்டைச் சோளவகைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கினர். அமெரிக்க வேளாண்மை வல்லுநர்கள் பிற்காலத்தில் ஆய்வு செய்து பாராட்டிய அவ்விதைகளின் பின்னே, எழுதப் படிக்க அறியாத பெண்களின் கூர்த்த அறிவு இருந்தது. அறுவடையை உலர்த்தி, வாய் குறுகி அடி அகன்ற குழிகளில், புல் பரப்பிச் சேமித்து வைப்பர். மிசூரியைக் கடக்க அவர்கள் பயன்படுத்திய படகும் நமக்குப் புதிதன்று. வளைத்த கழிகளின்மேல் காட்டெருமைத் தோல் போர்த்திய வட்ட ஓடம் அது. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவர்கள் அதனைக் கண்டால் உடனே இனங்கண்டுகொள்வர். வெள்ளையரிடம் பெற்ற கண்ணாடி மணிகளைப் பொடித்து உருக்கிப் புதிய அணிகள் வார்க்கவும் அப்பெண்கள் அறிந்திருந்தனர். அம்முறையை 1805 ஆம் ஆண்டில் மெரிவெதர் லூயிஸ் என்னும் பயணி தம் குறிப்பேட்டில் விரிவாக எழுதி வைத்துள்ளார்.

சோளம் அவர்களுக்கு உணவு மட்டுமன்று; தாய். ஆதியில் மக்கள் பூமிக்கு அடியில் இருளில் வாழ்ந்தனர் என்றும், மேலுள்ள தலைவனாகிய நெஷானு அவர்களை வெளிக்கொணரச் சோளத்தாயை அனுப்பினான் என்றும் அவர்களது தோற்றக்கதை கூறுகிறது. வளைகரடி, அகழெலி முதலிய விலங்குகள் மண்ணைத் தோண்டி வழி திறந்தன. வெளிவந்தோர் மேற்கு நோக்கி நடக்கையில் பெரும்பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. மீன்கொத்தி அதனைக் கடக்க வழி செய்தது. பின்னர் அடர்காடு மறித்தது. ஆந்தை வழி திறந்தது. அடுத்துப் பெருநீர் மறித்தது. லூன் என்னும் நீர்ப்பறவை நீரைப் பிளந்தது. இவ்வாறு மக்களை அழைத்து வந்த சோளத்தாய் அவர்களுக்குப் பயிர்த்தொழிலையும் சடங்குகளையும் நன்னடத்தையையும் கற்பித்தாள். அவளை அவர்கள் படைத்தவனாகிய கடவுளின் இடத்தில் வைக்கவில்லை. மேலுள்ள தலைவனுக்கும் மக்களுக்கும் நடுவே நின்று பரிந்து பேசுபவளாகவே போற்றினர். தாயைக் குறிக்கும் 'அத்தினா' என்ற சொல்லாலேயே அவளையும் அழைத்தனர்.

இனி ஊரின் அமைப்பைக் காண்போம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு புனிதப்பொதி உண்டு. சோளக்கதிர், புகைக்குழல், பறவைத்தோல்கள், சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பைகள் முதலியன தோலில் பொதிந்து கட்டப்பட்டிருக்கும். பொருள்களைவிட, அவற்றோடு கூடிய பாடல்களும் வரலாறும் சடங்கு முறையுமே பெரிதாக மதிக்கப்பட்டன. அவற்றை மனப்பாடமாகக் காத்து வந்தவர் பூசகர். ஊர்த்தலைமை பெரும்பாலும் குறிப்பிட்ட குடும்பங்களின் வழியே வந்தது. எனினும் பிறப்பு மட்டும் போதாது. பொறுமையும் கொடைக்குணமும் இல்லாத தலைவனுக்கு எவரும் செவிகொடார். பொதியும் தலைவனும் ஒன்றுக்கொன்று துணை. இரண்டும் சேர்ந்ததே ஊர். இவற்றோடு கரடி, காட்டெருமை முதலிய விலங்குகளின் பெயர் தாங்கிய மருத்துவர் கூட்டங்கள் இருந்தன. கோடையின் பிற்பகுதியில் அவர்கள் பொதுமன்றத்தில் நிகழ்த்திய மாய வித்தைகளைக் கண்டு அண்டை நாட்டாரும் வாய்பிளந்து நின்றனர். ஆடவர்க்கு வீரர் சங்கங்களும் பெண்டிர்க்குத் தனிச் சங்கங்களும் இருந்தன. ராபர்ட் லோவி என்னும் ஆய்வாளர் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றின் பட்டியலைக் காணலாம். இங்கு அது வேண்டுவதில்லை.

உறவை அவர்கள் பிறப்பினால் மட்டும் பெறவில்லை, படைத்துக்கொள்ளவும் அறிந்திருந்தனர். சோளம் வாங்க வந்த வேற்றினத்தாருடன் புகைக்குழல் சடங்கு நிகழ்த்தி, ஒருவரை ஒருவர் தந்தை, மகன் என ஏற்றுக்கொள்வர். நேற்றுவரை பகைவராயிருந்த ஊரில் இன்று ஒரு தந்தை இருப்பார். வணிகம் நடைபெற்றது அவ்வுறவின் நிழலில்தான். ஆற்றங்கரைச் சந்தைகளுக்குச் செயேன் முதலிய வேட்டைக்காரர்கள் இறைச்சியும் தோலும் குதிரையும் கொண்டுவந்து, சோளம் பெற்றுச் சென்றனர்.

இத்தகைய வாழ்வின்மீது வைசூரி வந்து விழுந்தது. வெள்ளையரோடு கடல்கடந்து வந்த நோய் அது. அதைத் தாங்கும் ஆற்றல் இம்மக்களின் உடலில் இல்லை. நெருங்கி வாழும் ஊர்களில் அது காட்டுத்தீயெனப் பரவியது. நாடோடிகளாய்ச் சிதறி வாழ்ந்தோர் ஓரளவு தப்பினர். வீடுகட்டி வாழ்ந்தோரே பெரிதும் மடிந்தனர். முன்னாளில் 32 ஊர்கள் இருந்தன என்றும், மூன்று முறை தாக்கிய வைசூரியால் அவை அழிந்து இரண்டே ஊர்களாயின என்றும் 1795 ஆம் ஆண்டில் அங்கு தங்கிய வணிகர் ட்ரூடோ எழுதியுள்ளார். 1780-81 ஆம் ஆண்டுகளில் பரவிய பெருவாரி அவற்றுள் மிகக் கொடியது.

இங்கு வாசகர்கள் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஊருக்கொரு பொதி, ஊருக்கொரு தலைவன் என்று வாழ்ந்த மக்களில், பத்து ஊர்களில் எஞ்சியோர் ஓர் ஊரில் வந்து ஒண்டினால் நிலைமை என்னாகும்? அங்கு இறந்தோர் பலர். ஆயினும் தலைமைக் குடும்பங்களில் எவரேனும் பிழைத்திருந்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் வந்த தபோ என்னும் வணிகர், மூன்று சிற்றூர்களுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட முதல்தரத் தலைவர்கள் இருப்பதைக் கண்டு நகைத்தார். பேச்சு வழக்கிலும் வேறுபாடு, எதற்கெடுத்தாலும் கட்சி. அம்மக்கள் ஒற்றுமையற்றவர், நிலையற்றவர் என வெள்ளை வணிகர் எழுதிவைத்த தீர்ப்பு நெடுநாள் நூல்களில் நிலவியது. அத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. அந்நாற்பது பேரும் பதவிப்பித்தர் அல்லர். ஒவ்வொருவரும் மண்ணாகிப்போன ஓர் ஊரின் கடைசி முகம். தம் தலைமையை அவர் துறந்தால் அவ்வூர் இரண்டாம் முறை சாகும். நகைப்புக்கிடமாகத் தோன்றிய அந்நெருக்கடிக்குள் அவர்கள் பொதிகளையும் பாடல்களையும் விடாது காத்தனர் என்பதே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

1804 அக்டோபரில் லூயிஸ், கிளார்க் குழுவினர் அங்கு வந்து சேர்ந்தபோது எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 2,000 பேர். வழக்கம்போல் அதிகாரிகள் சாராயத்தை நீட்டினர். அரிக்காரா மக்கள் அதனை மறுத்துவிட்டனர். தந்தை என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர், பிள்ளைகளை மூடராக்கும் பானத்தை எவ்வாறு தரலாம் என அவர்கள் வியந்ததாகப் பயணக்குறிப்பு கூறுகிறது. 'தந்தை' என்னும் சொல்லை அவர்கள் எத்துணை மெய்யாகக் கொண்டனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தூ நே என்னும் தலைவர் அவர்களது அழைப்பை ஏற்று வாஷிங்டன் சென்றார்; 1806 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். குடியரசுத் தலைவர் ஜெபர்சன் எழுதிய இரங்கல் மடல் அடுத்த ஆண்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தது. விருந்தினராகச் சென்றவர் பிணமானார் என்ற செய்தி மூட்டிய சினம் 1807 ஆம் ஆண்டில் மோதலாக வெடித்தது. 1823 ஆம் ஆண்டில் கர்னல் லெவன்வர்த்தின் படை பீரங்கிகளோடு வந்து ஊர்களைத் தாக்கியது; மக்கள் இரவோடிரவாக வெளியேற, வீடுகள் தீக்கிரையாயின. தூ நே வரைந்த நிலப்படம் ஒன்று பாரிஸ் நகரின் தேசிய நூலகத்தில் நெடுங்காலம் கிடந்து, அண்மைக் காலத்தில் ஆய்வாளரால் வெளிக்கொணரப்பட்டது. ஆறுகளையும் ஊர்களையும் மட்டுமன்றித் தம் மக்களின் வரலாற்று இடங்களையும் அதில் அவர் குறித்திருக்கிறார். ஜெபர்சன் தம் மான்டிசெல்லோ தோட்டத்தில் 1809 ஆம் ஆண்டில் அரிக்காரா அவரையை விதைத்து அதன் சுவையைப் புகழ்ந்தார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். தலைவர் திரும்பவில்லை, அவர் ஊர்ப் பெண்களின் விதை மட்டும் அங்கே முளைத்தது.

நாம் இக்கட்டுரைக்குத் தலைப்பாகக் கொண்ட வழக்கத்துக்கு இப்போது வருகின்றோம். பொதுமன்றத்தின் முன்னே ஒரு பெருங்கல் இருக்கும். அதனைத் 'தாத்தா' என்பர். ஆண்டுதோறும் ஒரு கேதுரு மரத்தை வெட்டிக் கொணர்ந்து அதனருகே நடுவர், அது 'பாட்டி'. என்றும் பசுமையான அம்மரம் சோளத்தாயின் அடையாளம். குளிர்காலம் முழுவதும் அது அங்கே நிற்கும். இளவேனிலில் பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகும் வேளையில், தாய்மார்கள் தம் குழந்தைகளின் பழைய மிதியடிகளைக் கொணர்வர். கால் வளர்ந்து இனிப் பொருந்தாத சிறு தோல் மிதியடிகள்! அவற்றைக் கேதுருவின் கிளைகளில் கட்டி, மரத்தை ஆற்றில் மிதக்க விடுவர். மிசூரி தெற்கு நோக்கிப் பாய்கிறது. அவர்களோ தெற்கிலிருந்து வந்தவர்கள். ஆகவே மிதந்து செல்லும் கேதுரு, கைவிடப்பட்ட பழைய ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து செல்லும். அங்கு உறங்கும் முன்னோர்க்கு அது கொண்டு செல்லும் சேதி: நாங்கள் இன்னும் இருக்கிறோம், உங்களை மறக்கவில்லை, இதோ, எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள்.

1837 ஆம் ஆண்டில் நீராவிக் கப்பலொன்றில் மீண்டும் வைசூரி வந்தது. அரிக்காரா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். அண்டையிலிருந்த மாண்டன் மக்கள் அனேகமாக முற்றிலும் அழிந்தனர். 1862 ஆம் ஆண்டில் ஆற்றின்வழி சென்ற மார்கன், அரிக்காரா மக்கள் அப்போதுதான் விட்டுச்சென்றிருந்த ஊரொன்றின் வெற்று வீடுகளைக் கண்டார். சூ வீரர்களின் இடையறாத தாக்குதலே அவர்கள் வெளியேறக் காரணம். அவ்வாண்டே அவர்கள் மாண்டன், ஹிடாட்சா மக்களோடு 'மீன்தூண்டில்' எனப் பெயர்கொண்ட ஊரில் சேர்ந்து குடியேறினர். மற்ற இரு மொழிகளும் அரிக்காரா மொழியோடு தொடர்பற்றவை. 1876 ஆம் ஆண்டில் தளபதி கஸ்டரின் படைக்கு அரிக்காரா இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் சென்றதும் சூ மக்களோடு இருந்த இப்பகையினாலேயே. லிட்டில் பிக்ஹார்ன் போரில் அவர்களுள் மூவர் மாண்டனர்.

பின்னர் ஒதுக்கு நில வாழ்க்கை வந்தது. 1883 ஆம் ஆண்டில் அரசு பழங்குடியினரின் நடனங்களையும் சடங்குகளையும் குற்றமென அறிவித்தது. தடை அரைநூற்றாண்டு நீடித்தது. பூசகர் தம் பாடல்களைக் கற்பிக்க மாணவரின்றி மறைந்தனர். பொதிகள் சில அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. எனினும் ஆற்றோரத் தாழ்நிலம் எஞ்சியிருந்தது. சோளம் விளைந்தது, எல்போவுட்ஸ் என்னும் ஊரில் மருத்துவமனையும் பள்ளியும் இருந்தன.

அதற்கும் முடிவு வந்தது. வெள்ளத்தைத் தடுக்கவும் மின்சாரம் பெறவும் மிசூரியின் குறுக்கே கேரிசன் அணையைக் கட்டும் வேலை 1947 ஆம் ஆண்டில் தொடங்கியது. நிலத்தை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1948 மே 20 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானபோது, பழங்குடி மன்றத் தலைவர் ஜார்ஜ் கில்லெட் கண்ணாடியைக் கழற்றி, கையால் முகத்தை மூடி அழுதார். அப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. அருகில் அதிகாரிகள் தம் கோப்பில் கையொப்பமிட்டுக் கொண்டிருந்தனர். 1,50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், பயிரிட்ட வயல்களில் மிகப் பெரும்பகுதி, நீருக்குள் சென்றது. ஐந்து குடும்பங்களில் நான்கு குடும்பங்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தன. எல்போவுட்ஸ் மூழ்கியது. அருகருகே வாழ்ந்த உறவினர்களைப் பரந்த ஏரி பிரித்துவிட, சித்தப்பா வீட்டுக்குச் செல்லவும் பலகல் தொலைவு சுற்ற வேண்டியதாயிற்று. அவ்வேரிக்குச் சக்ககாவியா என்னும் பழங்குடிப் பெண்ணின் பெயரைச் சூட்டினர்! இழப்பீடு போதாதென்று ஒப்புக்கொண்டு அமெரிக்கப் பேரவை மேலும் 14 கோடியே 92 இலட்சம் டாலர் ஒதுக்கியது 1992 ஆம் ஆண்டில்தான். அதற்குள் அழுதவர் தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது.

தெற்கே தெற்கு டகோட்டாவில் ஓயாஹி அணையும் எழுந்தது. 1804 ஆம் ஆண்டில் சாராயத்தை மறுத்த ஊர்களும், 1823 ஆம் ஆண்டில் எரிந்த ஊர்களும் இருந்த இடம் அந்நீர்த்தேக்கத்துக்குள் போயிற்று. இன்று ஒரு கேதுருவை அரிக்காரா பகுதியில் மிதக்க விட்டால், அது கேரிசன் அணையின் மண்சுவரில் முட்டி நின்றுவிடும்.

ஒதுக்கு நிலத்தின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஒயிட் ஷீல்டு இப்போது அரிக்காரா மக்களின் தலையூர். பிறந்தது முதல் அம்மொழியையே பேசி வளர்ந்தோர் மிகமிகக் குறைந்துவிட்டனர். டக்ளஸ் பார்க்ஸ் என்னும் மொழியறிஞர் 1970களில் அங்கு சென்று, முதியோர் பலரின் வாய்மொழியை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அக்கதைகள் 1991 ஆம் ஆண்டில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. மூலமொழியில் ஒவ்வொரு சொல்லும், அதன்கீழ்ப் பொருளும் தரப்பட்டுள்ளன. அவற்றிலிருந்தும் அவர் உருவாக்கிய பாடநூல்களிலிருந்தும் ஒயிட் ஷீல்டுப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் பாட்டன்மாரின் சொற்களைக் கற்று வந்துள்ளனர். அரிக்காரா அவரையின் விதையும் கிடைக்கிறது. மான்டிசெல்லோவில் விலைக்கு விற்கிறார்கள்.